கடைசியாக இறங்குபவர்

அந்தக் கடிதம் மூன்று மொழிகளில் இருந்தது. மேலே மலாயில் இரண்டு வரி, நடுவில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி, கீழே தமிழில் நான்கு கையெழுத்துகள். கிள்ளானில் ஓடிய எங்கள் ஒரே வேனில் ஐந்து பயணிகள் இருந்தார்கள். அவர்களில் நால்வர், ஐந்தாமவரை நீக்கிவிடும்படி என்னைக் கேட்டிருந்தார்கள்.

‘எங்கள்’ என்று பன்மையில் எழுதுவது பழக்கமாகிவிட்டது. நிறுவனம் என்பது அன்று நானும், வேன் ஓட்டிய அக்காவும், தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியின் கடைவீடு ஒன்றின் மாடியில் நான் பகிர்ந்துகொண்ட ஒரு மேசையும்தான். சிறுநீரகம் பழுதானவர்களை வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நிலையத்துக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது எங்கள் தொழில். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்காக அப்படியொரு நிலையத்தில் சில வாரங்கள் உட்கார்ந்திருந்தேன். சிகிச்சைக்கு உதவி கிடைத்தும், வந்துபோக வண்டி கிடைக்காமல் சிலர் முறை தவறுவதை அங்குதான் பார்த்தேன். முறை தவறினால் உடம்பில் நீர் சேரும், மூச்சு வாங்கும், சில சமயம் அவசரப் பிரிவில்தான் போய் முடியும். இதைச் சரிசெய்ய ஒரு வேன் போதும் என்று அன்று எனக்குத் தோன்றியது. இருபத்து நான்கு வயதில் அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

கடிதத்தைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை அவருடையது. நானும் மற்றவர்களும் அவரை அங்கிள் என்றே அழைப்போம். எனக்குச் சிரமம் வைக்கக்கூடாதென்று கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்ஃபீல்ட்ஸுக்கே வந்திருந்தார்.

“கோவமா எழுதல தம்பி. எங்களுக்கும் முடியல. நாலு மணி நேரம் மிஷின்ல கெடந்துட்டு வெளிய வந்தா, அவங்க ஒருத்தருக்காக இன்னும் இருவது நிமிஷம் வேன்லயே உக்காந்திருக்கணும். எனக்குப் பின்னாடி உக்கார்ற ஆன்டிக்கு பிரஷர் எறங்கிப்போகுது. போன வாரம் கண்ணு சொருகிடுச்சு. நான் பேப்பரால விசிறிக்கிட்டே வந்தேன்.”

“அந்த அக்காவுக்கு ஊசி எடுத்த எடத்துல ரத்தம் நிக்க நேரம் ஆகுதுன்னு சொன்னாங்க, அங்கிள்.”

“எல்லாருக்கும்தான் ரத்தம் வருது. எல்லாரும்தான் பஞ்ச வச்சு அழுத்திக்கிட்டு வரோம்.”

நால்வரும் விலக்கும்படி கேட்ட அந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கிள்ளான் டவுனில், நிலையத்துக்கு மிக அருகிலேயே, நாலாவது மாடியில் வீடு. ஜாக்கெட் தைப்பவர். வேனில் ஏறியதும் வாடிக்கையாளர்களோடு போனில் சத்தமாகப் பேசுவார். மற்றவர்கள் மருத்துவர் சொன்ன அளவுக்குத் தண்ணீர் குடிக்கிறார்களா என்று விசாரிப்பார். அவர் கையிலோ, இந்த நோய்க்கு ஆகாத உப்புப் போட்ட மாங்காய் இருக்கும். எனக்கு அவரைப் பிடிக்கும். தினமும் அவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தால் பிடித்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது.

நான் வகுத்த விதி ஒன்று இருந்தது. குறித்த நேரத்துக்கு மேல் பத்து நிமிடம் வேன் நிற்கும், அதன்பின் கிளம்பிவிடும். ஒருமுறைகூட அது நடைமுறைக்கு வரவில்லை. ஓட்டுநர் அக்கா முன்பு தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவர். “பஸ்ஸ விட்டுட்டுப் போனா அந்தப் பொண்ணு அடுத்த பஸ்ஸுல வரும். இவங்கள விட்டுட்டுப் போனா எப்படி வருவாங்க?” என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டே இருப்பார். விதியைத் திணிப்பதா, அவரை மெச்சுவதா என்று முடிவு செய்யாமலே ஆறு மாதம் ஓட்டிவிட்டேன்.

அதே வாரம், புதிய தொழில்முனைவோருக்காக நான் சேர்ந்திருந்த பயிற்சித் திட்டத்தில் தனி ஆலோசனை இருந்தது. பயிற்றுநர் மரியாதையான மனிதர், நேரத்தை வீணாக்காதவர். கடிதத்தையும், நான் நிரப்பிய திட்டப் படிவத்தையும் காட்டினேன்.

“நாலு பேர் ஒருத்தரால கஷ்டப்படுறாங்க. இதுல குழப்பம் எங்க இருக்கு?”

“அவங்கள எடுத்துட்டா சிகிச்சை தவறிடும், சார்.”

“வேற வண்டி பாத்துக்கொடுங்க. ஒரு ஆளுக்காக கம்பெனிய வளைக்க ஆரம்பிச்சா அதுக்கு முடிவே கிடையாது. சரி, இந்தப் பாரத்துல பெர்சனல் கோல் காலியா இருக்கே?”

“யாரும் சிகிச்சை தவறக்கூடாது.”

“அது கம்பெனியோட கோல். உங்களுக்கு என்ன வேணும்?”

ஐந்தாண்டில் இத்தனை வேன்கள் என்று எழுதலாம், சக பயிற்சியாளர்கள் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். ரயிலில் திரும்பும்போதுதான் உண்மையான பதில் மெல்ல எட்டிப்பார்த்தது, அதை நான் விரும்பவில்லை. யாருக்கும் கெட்டவனாக ஆகாமல் நல்லது செய்ய வேண்டும் என்பதே என் தனிப்பட்ட இலக்காக இருந்திருக்கிறது. எந்தப் பாரத்திலும் அதை எழுத முடியாது.

இரண்டு நாள் யோசித்தேன். ஒருவரைக் காத்தால் நால்வர் வாடுவார்கள், நால்வரைக் காத்தால் ஒருவர் நிர்க்கதியாவார். மயங்கி விழக்கூடியவர் ஆன்டி. ஆகவே ஆன்டியின் உடம்பையே முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே வாதாடி முடித்தேன். வாதம் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த அக்காவுக்குப் போன் செய்து, திங்கட்கிழமையிலிருந்து வேன் வராது, வாடகைக் காருக்கு ஒரு மாதம் நாங்களே பணம் கட்டுகிறோம் என்றேன்.

“யாரு சொன்னா?”

“சில பேர் கஷ்டமா இருக்குன்னாங்க, அக்கா.”

“ஓ,” என்றார். பிறகு, “சரி பாஸ்” என்று வைத்துவிட்டார். அதுவரை அவர் என்னைத் தம்பி என்றுதான் அழைத்திருந்தார்.

திங்கட்கிழமை நிலையத்திலிருந்து வேன் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. புதன்கிழமை பதினைந்து நிமிடம். போனில் ஓட்டுநர் அக்காவிடம் காரணம் கேட்டேன்.

“ஆன்டி வெளிய வரல, நின்னேன்.”

“யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“யாரும் ஒன்னும் சொல்லல. அங்கிள் தூங்கிட்டாரு.”

வெள்ளிக்கிழமை நானே கிள்ளானுக்கு ரயிலேறினேன். வேன் வருவதற்கு முன்பே போய், நிலையத்தின் வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேன் வந்தது. முன்னிருக்கையிலிருந்து அங்கிள் இறங்கி நேரே எடை பார்க்கும் தட்டில் ஏறினார். கதவோரம் இருந்த இருவர் அடுத்து. காலை நீட்டிக்கொள்ளலாம் என்று காலியான பின்னிருக்கைக்கு மாறியிருந்த ஆன்டி, இருக்கையை மடக்கி, கம்பியைப் பிடித்து, கடைசியாக இறங்கினார்.

உள்ளே தாதியிடம், அங்கே எல்லோரும் சொல்வதுபோல மிஸ்ஸியிடம், எந்த வரிசையில் மிஷினில் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

“யாரு மொதல்ல எடை பாக்குறாங்களோ அவங்கள மொதல்ல போடுவோம். நாங்க ரெண்டே பேரு. ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆகும்லா. கடைசில ஏறுனவங்க கடைசிலதான் எறங்குவாங்க.”

நான் அங்கேயே நின்றேன். ஆறு மாதமாக அந்த அக்காவைக் கடைசியாக்கியது அவர் ரத்தம் மட்டுமல்ல. குறைந்த தூரம் ஓட வேண்டும் என்று நான்தான் ஊருக்கு வெளியே காப்பாரில் தொடங்கி, மேருவைச் சுற்றி, டவுனில் முடியும்படி பாதை போட்டிருந்தேன். நிலையத்துக்கு அருகில் இருந்ததால் அவர் கடைசியாக ஏறினார். கதவோரத்து இடங்கள் நிரம்பியிருக்கும், பின்னிருக்கைதான் மிஞ்சும். பின்னிருக்கையில் இருப்பவர் கடைசியாக இறங்கி, கடைசியாக எடை பார்த்து, கடைசியாக மிஷினில் ஏறி, கடைசியாக வெளியே வருவார். இப்போது அந்த இடத்தில் ஆன்டி இருந்தார். வேன் அவருக்காக நின்றது. ஆனால் யாரும் கடிதம் எழுதவில்லை.

அது ஏன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆன்டி மெதுவாகப் பேசுபவர், யாருக்கும் யோசனை சொல்லாதவர். அவருக்காகக் காத்திருப்பது அவர்களுக்குக் காத்திருப்பாகவே படவில்லையோ என்னவோ. அப்படியானால் அந்தக் கடிதம் நேரத்தைப் பற்றியதா, மாங்காயைப் பற்றியதா, போன் சத்தத்தைப் பற்றியதா? அங்கிளிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவரும் உண்மையாகவே யோசித்து, தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

“அந்த அக்கா எப்படி வராங்க?” என்று மிஸ்ஸியிடம் கேட்டேன்.

“திங்கக்கிழம கார்ல வந்தாங்க. புதன்கிழம வரல. இன்னைக்கும் இன்னும் காணோம். போன் போட்டோம், கால் வீங்கியிருக்கு, படி எறங்க முடியலன்றாங்க. லிஃப்ட் ரோசாக்காம், ஓடலயாம்.”

வேன் வந்த நாட்களில் ஓட்டுநர் அக்கா மேலே ஏறிப்போய், கைத்தாங்கலாக அவரை இறக்கிக் கூட்டிவந்திருக்கிறார். இதுவும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வாடகைக் கார் ஓட்டுநர் கீழே நின்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கிறார். பணம் கட்டினால் வண்டி வரும் என்று நினைத்திருந்தேன். வண்டி வந்துதான் இருக்கிறது.

ஓட்டுநர் அக்காவும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். பழுதான லிஃப்டைத் தாண்டி நாலு மாடி. கதவைத் திறந்த அவருடைய முகம் ஊதியிருந்தது. தையல் மிஷின் மேல் பாதி தைத்த ஜாக்கெட் கிடந்தது.

“என்ன பாஸ், இந்தத் தடவ லெட்டர நேர்ல குடுக்க வந்தீங்களா?”

லெட்டரைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. டயாலிசிஸ் நிலையம் சின்ன உலகம், செய்தி எப்படியோ எட்டியிருக்கிறது.

நான் பாதையைப் பற்றியும், பின்னிருக்கையைப் பற்றியும், எடைத் தட்டைப் பற்றியும் விளக்கினேன். தவறு என்னுடையது என்றேன். மிகவும் தெளிவாக விளக்கியதாகத்தான் நினைவு. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, பாதி கேட்டதுபோல நின்றிருந்தார்.

“அதெல்லாம் விடுங்க. அவங்க கையெழுத்து போட்டாங்களா?”

“யாரு?”

“எனக்கு முன் சீட்டுல உக்காருவாங்கல்ல, அந்த ஆன்டி.”

ஆன்டியின் கையெழுத்து மூன்றாவதாக, நடுங்கிய எழுத்தில் இருந்தது. இல்லை என்று பொய் சொல்லலாம், அது இருவரையும் காக்கும். ஆம் என்றால், மறுபடியும் ஒரே வேனில் உட்காரப்போகும் இரண்டு நோயாளிகளுக்கு இடையில் எதையோ கிழித்துவிட்டவனாவேன். இதை எடைபோட்டுக்கொண்டே பேசாமல் நின்றேன். அதுவே பதிலாகிவிட்டது என்பது, அவரைத் தாங்கிப் படியிறங்கும்போதுதான் உறைத்தது. இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கி நின்றவர், “அவங்களுக்கு பிரஷர் கொறையும், பாவம்” என்றார். என்னிடம் சொன்னாரா, ஓட்டுநர் அக்காவிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

அன்று மாலை முறையில் மிஸ்ஸிகள் அவரை மிஷினில் சேர்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை முதல் அவர் மறுபடியும் வேனில் வருவார் என்று மற்ற நால்வருக்கும் போன் செய்தேன். வேனில் ஐந்து பேர் இருக்கும்வரை யாராவது ஒருவர் கடைசியாகத்தான் இருப்பார், அவரை எடுத்தால் இன்னொருவர் கடைசியாவார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரே வாசகத்தில் சொன்னேன். “கணக்கு சரிதான் தம்பி. ஆனா அவங்களுக்கு ரத்தம் நிக்க லேட் ஆகும்ன்றதும் சரிதானே?” என்றார் அங்கிள். அதுவும் சரிதான்.

திங்கட்கிழமை நானும் வேனில் போனேன். அங்கிள் என்னைக் கேட்காமலே முன்னிருக்கையைக் காலி செய்து பின்னால் உட்கார்ந்திருந்தார். சங்கடமா, பெருந்தன்மையா, தெரியாது. டவுனில் அந்த அக்கா வந்து ஏறும்போது, பின்னாலிருந்து ஆன்டி, “இங்க எடம் இருக்கு, வா” என்று இருக்கையைத் தட்டினார்.

“நான் முன்னாடியே உக்காந்துக்குறேன்.” திரும்பிப் பார்க்காமல் அவர் முன்னால் ஏறினார். நிலையத்தில் முதல் ஆளாக இறங்கி, முதல் ஆளாக எடை பார்த்தார்.

நான்கு மணி நேரம் கழித்து, ரத்தம் நிற்க எடுத்துக்கொண்ட கூடுதல் நிமிடங்களையும் சேர்த்தே, அவர் மூன்றாவது ஆளாக வெளியே வந்தார். அங்கிளும் வந்துவிட்டார். ஆன்டி மட்டும் வரவில்லை. வேனுக்குள் புழுக்கமாக இருந்தது. ஐந்து நிமிடம் போனது. அதற்கு மேலும் போனது. அன்று முகம் வெளிறி, கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தவர் அங்கிள். காத்திருப்பதில் இப்போது அவருக்குத்தான் ஆபத்து என்று எனக்குப் பட்டது. கிளம்பினால் ஆன்டிக்கு வண்டி இல்லை. இரண்டாவது வேன் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது என்று ஒரு கணமும், இரண்டாவது வேனிலும் இதே கேள்விதான் உட்கார்ந்திருக்கும் என்று மறுகணமும் தோன்றியது.

“பாஸ், அந்தப் பத்து நிமிஷம் இருக்கா, இல்லையா?” ஓட்டுநர் அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். “சொல்லிட்டீங்கன்னா எனக்கும் லேசா இருக்கும்.”

இல்லை என்றேன். “அப்போ எவ்ளோ நேரம் நிக்குறது?” என்றார். நான் நிலையத்தின் கதவைப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

“அவங்க வர்ற வரைக்கும் நில்லுங்கக்கா,” என்றார் முன்னிருக்கையில் இருந்தவர்.

குரலில் கனிவு இருந்ததா, குத்தல் இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. ஓட்டுநர் அக்கா ஏர்கானைக் கூட்டி, அதன் முகத்தைப் பின்னால் அங்கிள் பக்கம் திருப்பிவிட்டார்.