அத்தை நிறுத்திவைத்த பம்ப்

தண்ணீரில் நிற்கும் படகுக்குள் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் என் அத்தையின் வேலை. எந்தப் படகாக இருந்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். மழை, அலையின் தெறிப்பு, கை கழுவிய தண்ணீர் எல்லாம் வடிந்து, தளப்பலகைக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் போய்ச் சேரும். அந்தப் பள்ளத்துக்கு பில்ஜ் என்று பெயர். அதற்குள் ஒரு சின்ன பம்ப் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஏறினால் ஒரு மிதவை எழும்பி, பம்பைத் தானாக ஓடவைக்கும்.

எங்கள் படகுத்துறையில் பொழுதுபோக்குப் படகுகள் இருபத்துமூன்று. வாரம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் அத்தை பலகையைத் தூக்கி, தோள்வரை கையை விட்டு, பம்பின் வாயில் அடைத்திருப்பதை வழித்து எடுப்பார். பெரும்பாலும் தலைமுடி, பாட்டில் மூடி, டீத்தூள். ஒருமுறை ஒரு பல்செட் கிடைத்தது. உரியவர் நன்றி சொல்லி, கழுவி, அங்கேயே மாட்டிக்கொண்டார்.

தானாக ஓடும் பம்ப் மேல் அத்தைக்கு நம்பிக்கை கிடையாது. "அது பாட்டுக்கு இறைச்சு வெளியே கொட்டிடும். படகுல ஓட்டை இருந்தாக்கூட யாருக்கும் தெரியாது" என்பார். அதனால் ஒரு படகு வெளியே போவதற்கு முந்தைய நாள் அதன் பம்பை நிறுத்திவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து வந்து, எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று மர ஸ்கேலால் அளப்பார். பம்ப் நின்றிருக்கும் நேரம் முழுக்க அவர் கைக்கடிகாரம் வலது கையில் இருக்கும். மறுபடி ஓடவைத்ததும் இடது கைக்கு வந்துவிடும். பதினாறு வருடத்தில் ஒரு தடவையும் தவறியதில்லை.

அந்தச் சனிக்கிழமை, பேட்டரி மாற்றுவதற்காகக் கடிகாரம் கடையில் இருந்தது.

அன்றைக்கு அளக்க வேண்டியது பேங்க்காரரின் படகு. அவர் பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது, பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. மகளுக்கு நிச்சயமாகியிருந்தது. மறுநாள் சம்பந்திகளைப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்ட ஏற்பாடு. அத்தை மதியம் பம்பை நிறுத்தினார். உடனே கடைசிப் படகிலிருந்து கூப்பிட்டார்கள். மேல்தளத்து வடிகுழாயில் இலை அடைத்து, தண்ணீர் படுக்கைக்கு வந்துவிட்டதாம். கம்பியை விட்டுக் குத்திக் குத்தி எடுப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அத்தை நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஞாயிறு காலை நானும் அத்தையும் துறைக்குப் போனபோது, பேங்க்காரரின் படகு பின்பக்கம் தாழ்ந்து, உட்காரலாமா என்று யோசிப்பதைப் போல நின்றது. உள்ளே மெத்தைகள் மிதந்தன. சம்பந்திகள் நல்ல துணி உடுத்திக் கரையில் நின்றார்கள். பேங்க்காரர் என் மாமாவைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். அத்தையின் கணவரான மாமா துறையின் எலக்ட்ரீஷியன். போன மாதம் அந்தப் படகுக்குப் பெரிய பம்ப் மாட்டியவர் அவர்தான்.

"சம்பந்தி முன்னாடி என் மானமே போச்சு! புது பம்புன்னு சொன்னியேய்யா?"

"புதுசுதான் சார்."

"அப்புறம் ஏன் ஓடல?"

துறை மேனேஜர் அதிகம் பேசமாட்டார். மாமாவிடம், "சாயங்காலம் வந்து உங்க சாமானை எடுத்துக்குங்க. வேற ஆள் பார்த்துக்கறோம்" என்றார்.

மாமா படகில் ஏறி, முழங்கால் தண்ணீரில் நடந்து போய், இருக்கைக்கு மேலே இருந்த சுவிட்சைப் பார்த்தார். அது நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. தட்டினார். பம்ப் ஜம்மென்று ஓடியது. அந்தத் துறையில் பம்பை நிறுத்துகிற ஆள் ஒருவர்தான். அவரோடுதான் மாமாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. மாமா கரையில் நின்ற அத்தையை ஒருமுறை பார்த்தார்.

"ஒயர்ல ஏதோ லூஸ் சார். என் தப்புதான்" என்றார்.

"லூஸெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றார் அத்தை. "நேத்து நான்தான் நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துட்டேன்."

"நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?" என்றார் மாமா.

"நீங்க சும்மா இருங்க. ஒயரை ஒழுங்கா மாட்டத் தெரியாதவருன்னு பேராயிட்டா, அப்புறம் எந்தப் படகுல உங்களை ஏத்துவாங்க?"

பேங்க்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து என் படகை முழுகடிச்சிருக்கீங்க."

"மறந்தது நான் சார். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க. ஆனா ஒரே ராத்திரியில மெத்தை மிதக்குதுன்னா படகுல ஓட்டை இருக்கு. இவர் மாட்டின பெரிய பம்ப் ஒரு மாசமா அதை மறைச்சுக்கிட்டு ஓடியிருக்கு. இதுல சம்பந்தியை ஏத்திக்கிட்டு நடுத்தண்ணிக்குப் போயிருந்தா..."

மாப்பிள்ளையின் அம்மா, "நாங்க இங்கேயே நிக்கிறோம், பரவாயில்ல" என்றார்.

படகைக் கரையேற்றிப் பார்த்தார்கள். படகைத் தள்ளும் விசிறியின் தண்டு வெளியே போகும் இடத்தில், தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பு தேய்ந்து, தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. மாமாவின் வேலை போகவில்லை. அத்தையின் வேலையும் போகவில்லை. ஆனால் மேனேஜர் ஓர் உத்தரவு எழுதி ஒட்டிவிட்டார்: பம்ப் சுவிட்சை இனி எலக்ட்ரீஷியன் மட்டுமே தொடலாம், திரும்பப் போடும்வரை படகைவிட்டு இறங்கக்கூடாது.

அதனால் இப்போது அளவு எடுக்கும் நாளில் மாமாவும் போகிறார். மூன்று மணி நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். போன வாரம் நான் டிபன் கொண்டுபோனபோது மாமா பலகையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டுடட்டுமா?"

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குங்க."

"தண்ணி ஏறுதேம்மா."

"ஏறத்தாங்க விட்டிருக்கோம்."