பஸ் வந்து நின்ற தெரு

மாத்தளை திருகோணமலை வீதியில் ஹுசைனின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் பொன்னுத்துரை மாஸ்டர் என்றொரு ஓவியர் வாடகைக்கு இருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தத் தெருவையே திரும்பத் திரும்ப வரைவார். 1962இல் கொழும்புக்குக் குடிபோனபோது ஒரு படத்தை ஹுசைனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஹுசைனின் மனைவி ஆஸியாவுக்கு அந்தப் படத்தின் மேல் அப்படியொரு பைத்தியம். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில், பகல் சமையல் முடிந்ததும் அதை எதிரே சாய்த்துவைத்துப் பார்த்து வரையத் தொடங்கினாள். முதலில் கூரைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. அவள் விடவில்லை. பல தாள்கள் வீணான பிறகு தெரு கைக்கு வந்தது. ஹுசைனின் தங்கை ஜுனைதா ஒன்றைக் கேட்டு வாங்கி, கலேவெலயில் தன் கணவரின் சாப்பாட்டுக் கடையில் மாட்டினாள். அங்கே பார்த்துவிட்டு இரத்தோட்டைக்காரர் ஒருவரும் கேட்டனுப்பினார்.

இரண்டு வருடம் கழித்து மாஸ்டர் திடீரென்று கடைக்குள் வந்து நின்றார்.

"ஹுசைன், வர்ற வழியில கலேவெலயில சோறு சாப்பிட்டேன். செவத்துல என் படம் தொங்குது. ஆனா அதுல நிக்கிற பஸ்ஸ நான் வரையவே இல்லையே?"

ஹுசைன் அளந்துகொண்டிருந்த துணியை அப்படியே விட்டார். "அது வந்து... எங்கட வீட்டுல வரைஞ்சது மாஸ்டர். கோவிச்சுக்காதீங்க."

உள்ளே இருந்த ஆஸியாவுக்கு இது கேட்டது. தனக்காகக் கணவர் குழைவது பிடிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான்தான் மாஸ்டர். உங்கட தெருவுல ஒரு ஆளும் இல்ல. பாக்கப் பாவமா இருந்திச்சி. அதான் பஸ்ஸ நிப்பாட்டி நாலு பேர எறக்கிவிட்டேன்."

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "விடியக்காலையில வரைஞ்சது தங்கச்சி. அந்நேரம் யாரு வருவா? அது சரி, மேல நின்னு தெருவப் பாத்திருக்கீங்களா?"

அவள் பார்த்ததில்லை. முன்பு அது அடுத்தவர் அறை. இப்போது துணி மூட்டைகளின் கிடங்கு. மூவரும் ஏறிப் போனார்கள். கீழே தெரு நிறைய சனம். ஆஸியா ஜன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள்.

"மலை இவ்வளவு கிட்டவா இருக்கு?"

"நான் வரைஞ்சன்னைக்கு ஒரே பனி. ஒண்ணும் தெரியல. அடுத்த படத்துல நீங்க மலையப் போடுங்க. அது எனக்கு. கீழ உங்க பேர எழுதணும்."

அவள் மலையோடு வரைந்து, கீழே மாஸ்டர் பெயரையும் தன் பெயரையும் எழுதிக் கொழும்புக்கு அனுப்பினாள்.

ஹுசைன் மூட்டைகளை ஒதுக்கி ஜன்னலடியில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். பின்னேரங்களில் கீழிருந்து, "தேத்தண்ணி இல்லையா?" என்று குரல் கொடுப்பார்.

"இந்தா வாறேன்" என்பாள் ஆஸியா. இறங்கமாட்டாள். சிரித்துக்கொண்டே அவரே அடுப்பைப் பற்றவைப்பார்.