மெஷினை விட மறுத்த டிரெசர்

மூச்சு விடச் சொல்லிக்கொடுப்பது எங்கள் தொழில். பிறந்ததிலிருந்து அதைச் செய்துவரும் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம் என்பது, தீவிர சிகிச்சை வார்டில் இடுப்பொடிந்த சக தாதிகளுக்குத் தெரியும்.

மின்சாரச் சிக்கனம்

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவரை நிமோனியாவோடு எங்கள் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டத்து ஜனங்களுக்கு மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டையில் குழாய், பக்கத்தில் மூச்சு மெஷின். சளி குறைந்ததும், மெஷினைக் கொஞ்ச நேரம் கழற்றி, அவராகவே மூச்சு விடப் பழக்கினோம்.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் மகன் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து நின்று, அப்பாவைப் பட்டினி போட்டதுபோல என்னை முறைத்தார். மெஷினிலேயே கிடந்தால் மார்புத் தசை சோம்பிப்போகும், மறுபடி சளி பிடிக்கும், பிறகு ஆளே தங்கமாட்டார் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கரண்டு பில்லு கவர்மெண்டுதானே கட்டுது மிஸ்ஸி, நீங்க ஏன் மிச்சம் புடிக்கிறீங்க லா?"

விரல் அதிகாரம்

மகனாவது பரவாயில்லை. குழாய் இருந்ததால் டிரெசருக்குப் பேச்சு வராது; அதிகாரம் மட்டும் விரல் வழியாக வந்தது. தலையணை, விளக்கு, விசிறி எல்லாம் அவர் விரல் காட்டியபடிதான். மெஷினைக் கழற்றினால் மட்டும் அதே விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிக்கொள்ளும். வேர்த்துக் கொட்டும். திரும்ப மாட்டிவிடுவோம்.

கேலி செய்கிறேனே தவிர, அந்தப் பிடியில் இருந்தது அசல் பயம். ரத்தப் பரிசோதனையில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நுரையீரல் ரெடி சிஸ்டர், ஆள்தான் ரெடி இல்லை."

பக்கத்துக் கட்டில்

பக்கத்துக் கட்டிலில் முனியம்மா. அதே தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டி, அதாவது பட்டையைச் சீவி, பால் எடுத்தவர். முந்தின நாள்தான் மெஷினிலிருந்து விடுபட்டிருந்தார். குரல் இன்னும் கரகரத்தது. நான் மெஷினைக் கழற்ற, டிரெசர் வழக்கம்போல என் கையைத் தேட, அந்தம்மா அவருக்குக் கேட்கும்படி என்னிடம் சொன்னார்: "குளிர் காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டுப் போய் நின்ன என்னைய, ஒண்ணுமில்ல, மரம் வெட்டப் போன்னு வெரட்டுனவரு மிஸ்ஸி. இப்ப மூச்சு விடவே லீவு கேக்குறாரு."

முதல் வார்த்தை

டிரெசரின் முகம் இறுகியது. என் கையை உதறினார். கோபத்தில் அவராகவே இழுத்து இழுத்து விட்டார். மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. மத்தியானம் தாண்டியும் விரல் மெஷின் பக்கம் போகவில்லை. சாயங்காலம் டாக்டர் குழாயை எடுத்துவிட்டார்.

நன்றி சொல்வார் என்று வெட்கமில்லாமல் எதிர்பார்த்து நின்றேன். வெகுநேரம் இருமினார். முனியம்மா தூங்குகிறாரா என்று பார்த்துக்கொண்டார். பிறகு என்னைக் குனியச் சொல்லிக் காதோரம் கேட்டார்: "அன்னிக்கு அவளுக்கு நெசமாவே காய்ச்சலா இருந்துச்சா?"

பெரியவரை மெஷினிலிருந்து இறக்கிவிட்டோம். டிரெசர் நாற்காலியிலிருந்து இறக்குவதற்குத்தான் எங்கள் வார்டில் வைத்தியம் இல்லை.