இரண்டாவது ஜாக்கி

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. பயத்தில் எழுதுகிறேன் என்றும் நினைக்க வேண்டாம். பயம் ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது கோபம்தான். நான் மாலை வகுப்பில் கார் பழுது பார்க்கப் படிக்கிறவள். எதைச் செய்தாலும் நேரம் போட்டு நோட்டில் எழுதுவேன். எழுதியதை மூன்று முறை சரிபார்த்த பிறகும், தப்பாக எழுதிவிட்டேனோ என்று தூக்கம் கெட்டுத் தவிப்பேன். கீழே இருக்கும் நேரங்கள் அந்த நோட்டில் உள்ளவை.

என் அண்ணனிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே சீட். பின் சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளும். போன மழையில் ஒரு மேட்டுச் சாலையில் திரும்பும்போது ஒரு பின் சக்கரம் ஈரத்தில் வழுக்கிச் சும்மா சுற்றியது. எஞ்சினின் பலத்தை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டப்பாதான் டிஃபரன்ஷியல்; சாதாரண வகையின் குணமே அதுதான். எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ, பலத்தை எல்லாம் அதற்கே வாரிக் கொடுத்துவிடும். வண்டி சாலைக்குக் குறுக்கே அப்படியே நின்றது. எதிரே வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றதால் அண்ணனும் அண்ணியும் பிழைத்தார்கள். அதன்பின் அண்ணி அந்தக் காரில் ஏறவில்லை.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. வழுக்காத சக்கரத்துக்கும் பலம் போகும். எந்த வகை என்று பத்து நாள் உட்கார்ந்து ஒப்பிட்டேன். தட்டு வகை பந்தயத்துக்கு நல்லது. தெருவில் மெதுவாகத் திரும்பினால் 'டக் டக்' என்று இடிக்கும், தட்டுகள் தேயும், தனி ஆயில் கேட்கும். பல்சக்கர வகை சத்தம் போடாது, சீக்கிரம் தேயாது. ஒரு சக்கரம் தரையை விட்டே எழும்பினால் மட்டும் கைவிட்டுவிடும். தெருவில் ஓடும் காருக்கு அந்த நிலை வருவது அபூர்வம். அதனால் பல்சக்கர வகை, புதியது. அண்ணன் சரி என்றான். வேலையை ஒப்படைத்த கடையில் அப்படியே எழுதிக் கொடுத்தேன்; மெக்கானிக் தலையாட்டினான். 'தலையாட்டினார்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை 6:40. வண்டியை எடுக்கப் போனோம். அவன் மாட்டி வைத்திருந்தது ஒரு பழைய தட்டு வகை.

"ரேஸ் சாமான் சார். உங்க வண்டிக்குன்னே பொறந்தது," என்றான் அண்ணனிடம். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் எழுதிக் கொடுத்தது வேற," என்றேன்.

"எழுதறதுல நீ கெட்டிக்காரிதான் பாப்பா. மாட்டறது நான்."

அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பு என் காதில் இன்னும் இருக்கிறது.

கடைக்குள்ளேயே வண்டியைத் திருப்பிப் பார்த்தான் அண்ணன். 'டக்... டக்.' அவன் சிரிப்பு நின்றது. கடையின் லிஃப்டில் வேறு வண்டி தொங்கியது. மெக்கானிக் இடது பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினான். வண்டியின் மூக்கு வாசல் ஷட்டரைப் பார்த்திருந்தது.

"ஒருத்தர் கீழ படுத்துக் கேளுங்க. ஒருத்தர் ஸ்டார்ட் பண்ணி கியர் போடுங்க. சத்தம் எங்கன்னு தெரிஞ்சுடும்."

"இந்த வகையில ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி கியர் போடக்கூடாது," என்றேன். "தரையில இருக்கற சக்கரம் தள்ளிடும். வண்டி ஜாக்கியிலிருந்து பாஞ்சுடும்."

"உள்ள தட்டெல்லாம் தேஞ்சு போச்சு பாப்பா. இப்ப அது சாதா மாதிரிதான்."

"இப்பதான் ரேஸ் சாமான்னீங்க?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டான். அண்ணனுக்கு என் மேல் எரிச்சல். "வாத்தியாரம்மா, இப்ப என்னதான் பண்ணணும்?"

"இன்னொரு ஜாக்கி வேணும். ரெண்டு பக்கமும் தூக்கணும்."

பக்கத்து டயர் கடையில் கேட்டு வருவதாக முணுமுணுத்துக்கொண்டே போனான். மணி 7:04.

சும்மா நிற்கப் பிடிக்கவில்லை. கியரை விடுவித்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, முன் சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்தேன். தூக்கிய சக்கரத்தில் முள் வைத்த டார்க் ரென்ச்சை மாட்டித் திருப்பினேன். உள்ளே தட்டுகள் எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பதை அந்த முள் சொல்லிவிடும்.

7:07. அறுபது.

7:09. அறுபது. தேய்ந்துபோன தட்டு இந்த அளவு காட்டாது. பொய் சொல்லியிருக்கிறான்.

7:11. தொண்ணூறு.

என் பிடிதான் கோணலோ என்று மறுபடி மாட்டினேன். 7:12. நூற்றுப் பத்து. யாரோ உள்ளிருந்து சக்கரத்தை இழுத்துப் பிடித்திருப்பது போல இருந்தது. கையை எடுத்தேன்.

'டக்.'

நான் தொடவில்லை. வண்டி நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது.

7:15. டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து நோட்டில் எழுதினேன். எழுத்து கோணியது. அப்போது பின்னால் அந்தச் சத்தம். வண்டிக்கு அடியில் படுத்து நுழையும் உருளைப் பலகையின் சின்னச் சக்கரங்கள் சிமெண்ட் தரையில் உருளும் சத்தம். 'கிர்ர்ர்...'

கதவைத் திறந்து பார்த்தேன். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அண்ணன் வந்துவிட்டான் என்று நினைத்தேன். செருப்பு இல்லை. சாம்பல் நிறக் காலுறை மட்டும். ஷூவில் ஆயில் படும் என்று கழற்றியிருப்பான்... அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஜாக்கி வச்சாச்சா?"

"ம்."

"ரெண்டு பக்கமும்?"

"ம்... ஸ்டார்ட்."

7:17. ஸ்டார்ட் செய்தேன்.

"கியர்."

கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டேன். பாதம் கிளட்சின் மேல் இருந்தது. எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

வண்டியின் வலது பக்கம் உயர்ந்ததாகவே எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது ஜாக்கி வைத்திருந்தால் சீட் நேராகியிருக்குமே... இன்னும் வலப்பக்கம் சரிந்தே உட்கார்ந்திருந்தேன்.

என் சந்தேகம்தான், எப்போதும் போல. அப்படியும் நினைத்தேன்.

அடியிலிருந்து குரல் வந்தது. பொறுமையான குரல்.

"விடுங்க அண்ணே... நான் பாத்துக்கறேன்."

அண்ணே.

என்னை.

பின்னால் பார்க்கத் திரும்பினேன். கிளட்ச் கொஞ்சம் மேலே வந்தது. வண்டி முன்னால் அசைந்தது.

"விடுங்க அண்ணே..."

எதிரே ஷட்டர் வாசலில் ஒரு நிழல். இரண்டு கையாலும் ஜாக்கியைச் சுமந்துகொண்டு, குனிந்தபடி, நேராக வண்டியின் மூக்குக்கு முன்னால் வந்துகொண்டிருந்தான்.

என் அண்ணன்.

காலை அழுத்தினேன். சாவியைத் திருகினேன். எஞ்சின் செத்தது. 7:18.

"அறிவிருக்கா உனக்கு? எவன் ஸ்டார்ட் பண்ணச் சொன்னான்?" என்று கத்தினான்.

இறங்கிப் பார்த்தேன். அடியில் யாரும் இல்லை. உருளைப் பலகை சுவரில் நிமிர்த்திச் சாத்தியிருந்தது. முன் சக்கரத்துக்கு வைத்த மரக்கட்டை நான்கடி தள்ளிக் கிடந்தது.

வைத்தேன். நிச்சயமாக வைத்தேன்.

அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. "இந்த டப்பா நம்ம வண்டியில இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் எதிர்த்துப் பேசவில்லை.

மறுநாள் காலை 9:10. மெக்கானிக் அதைக் கழற்றிக் கீழே வைக்கும்வரை நின்றேன்.

"இது யார் வண்டியில இருந்தது?"

மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை கத்தினேன். அண்ணனே திரும்பிப் பார்த்தான்.

"ஒரு பல் டாக்டர் வண்டி. போன வருஷம். இங்கதான்... ஒரு பக்கம்தான் தூக்கிட்டு நான் சீட்டுல உட்கார்ந்திருந்தேன். கியர்ல இருந்து எடுக்கறதுக்குள்ள பாஞ்சுடுச்சு. ஆள் போயிட்டார்." தரையைப் பார்த்தான். "என் மேல தப்பில்ல பாப்பா. அவரே கீழ படுத்துக்கிட்டு சொன்னார். விடுங்க அண்ணே, நான் பாத்துக்கறேன்னு."

அந்த வார்த்தைகளை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நோட்டில்கூட எழுதியிருக்கவில்லை.

அவனை அறைந்திருப்பேன். ஒரு உயிர் போன பிறகும், நேற்று எங்கள் வண்டியிலும் ஒரே ஒரு சக்கரத்தைத் தூக்கிவிட்டுக் கியர் போடச் சொன்னானே! அந்த டப்பாவை உருக்கப் போட்டுவிடச் சொன்னேன். சரி என்றான்.

10:25. ஜாக்கியைத் திருப்பிக் கொடுக்க டயர் கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா வாங்கி ஓரமாக வைத்தார். டாக்டரைப் பற்றிக் கேட்டேன்.

"பாவம். நல்ல மனுஷன்," என்றார்.

"தானே போய் அடியில படுத்தாராம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அடியிலயா? யாரும்மா சொன்னது? ஒரு பக்கம் மட்டும் தூக்கினா ஆபத்துன்னு இன்னொரு ஜாக்கி கேட்டு இங்கதான் வந்திருந்தார். தூக்கிட்டுப் போய் அந்த ஷட்டருக்குள்ள கால் வச்சார். வண்டி வந்து இடிச்சிடுச்சு. நான் இங்க நின்னு பாத்தேன்."

"அப்ப அடியில?"

"யாருமில்ல."

திரும்ப மெக்கானிக்கிடம் ஓடினேன். இரும்பு அலமாரியில் அந்த டப்பா இருந்தது. அது டாக்டர் வண்டிக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "அவர் வாங்கினப்பவே பழசு," என்றான். அதற்கு மேல் அவனுக்கும் தெரியவில்லை.

அண்ணன் வண்டிக்குப் புதிய பல்சக்கர வகை போட்டாகிவிட்டது. வேறு கடையில், என் கண் முன்னால். பதினைந்து நாள் கழித்து, அந்தத் தட்டு வகை டப்பாவை உருக்கிவிட்டானா என்று பார்க்க மட்டும் அந்தப் பழைய கடைக்குப் போனேன். அலமாரி காலி.

"உருக்கியாச்சா?"

"நல்ல சாமானை எவனாவது உருக்குவானா? போன செவ்வாய்க்கிழமை ஒரு வண்டிக்கு மாட்டிட்டேன்."

"எந்த வண்டி? நம்பர் என்ன?"

அவன் கிரைண்டரைப் போட்டுவிட்டான்.