நான்காம் எண் வாசல்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைப்பட்டதெல்லாம் ஒரு காலம். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பும் பிறகு தலவாக்கலையில் மூன்று வருடமும் படித்துவிட்டு, பத்தொன்பது வயதில் நான் பிள்ளைமடுவத்தில் வேலைக்கு இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கொட்டகை அது. ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள்தான் லயம்; எங்கள் லயத்திலும் மேல் லயத்திலும் யாருக்கு என்ன எழுத வேண்டியிருந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். ஊருக்குக் கடிதமோ, ஆபீசுக்கு மனுவோ, நான் எழுதுவேன். அவர்கள் பெருவிரலை வைப்பார்கள். அதுதான் வழக்கம். அதில் தப்பு இருக்கிறதென்று எவருக்கும் தோன்றியதில்லை.

அம்மாவுக்கு ஒரு வாசல் இருந்தது. வாசல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஒற்றைக் காம்பரா வீட்டின் இஸ்தோப்புத் திண்ணைப் படிக்கும், லயத்தின் முன்னால் ஓடும் தண்ணீர்க் கானுக்கும் நடுவில் கிடந்த மண். நீளவாட்டில் நான் இரண்டு முறை படுக்கலாம். அகலத்தில் கால் நீட்ட முடியாது. அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் மலையில் சறுக்கி விழுந்து இறந்த மறுவருடம் அம்மா அங்கே முதல் டேலியாவை நட்டாள். துரை பங்களாத் தோட்டக்காரர் வெட்டி வேலிக்கு வெளியே எறிந்த கிழங்கு அது. பிறகு ஜெரேனியம் வந்தது, ரோஜா வந்தது. மண்ணெண்ணெய் டின், அடி போன கொழுந்துக்கூடை, பங்களாவில் கழித்துப்போட்ட எனாமல் தொட்டி என்று எது கிடைத்தாலும் அதில் ஒன்று முளைத்தது. ஓரத்தில் புதினாவும், அந்தக் குளிரில் ஒருநாளும் காய்க்காத மிளகாய்ச் செடி ஒன்றும் இருந்தன. பிடுங்கிப் போடச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

"நாள் பூரா செடியோட மாரடிச்சது போதாதாக்கா, வீட்டுக்கு வந்தும் அதேதானா?" என்று பக்கத்துக் காம்பராக்காரி கேலி செய்வாள்.

"அது தொரையோட செடி. இது என்னுது" என்பாள் அம்மா. அவ்வளவுதான் அவளுடைய விளக்கம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஒருநாள் விடிகாலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும்போது, மலை வேலையை நடத்தும் கண்டாக்கையா உத்தரவு ஒன்றை வாசித்தார். வருடக் கடைசியில் கொழும்புக் கம்பெனியிலிருந்து மேற்பார்வைக்கு வீ.ஏ. துரை வரப்போகிறார்; அதற்குள் லயங்களின் முன்புறத்தைச் சுத்தமாக வழித்துவிட வேண்டும்.

"ஒரு டின்னு, ஒரு செடி இருக்கக் கூடாது. தண்ணி தேங்குதாம், கொசு வருதாம். டாக்டரையா எழுதிட்டாரு."

அந்தக் குளிரில் நான் கொசுவைப் பார்த்ததே இல்லை. கூரை ஒழுகுவதைப் பற்றி நான் எழுதிக்கொடுத்த மனுக்கள் எத்தனை! அதையெல்லாம் யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. டேலியாவைப் பற்றி மட்டும் உடனே வாசித்துவிட்டார்கள். அம்மா அன்று மலையிலிருந்து வந்து, கூடையைக்கூட இறக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டிலிருந்து இரவல் வாங்கிய வாரப் பத்திரிகையில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். சிறிய வாசல், மாடி முகப்பு, கொல்லை, எதுவானாலும் சரி. அதை அழகாக வைத்திருப்பவர்கள் படம் அனுப்பலாம். தேர்ந்தெடுத்த ஆறு படங்களைப் பத்திரிகை வெளியிடும். வாசகர்கள் ஒரு தாளில் படத்தின் எண்ணையும் தங்கள் பெயர் முகவரியையும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அதிக வாக்குப் பெறுவது பரிசுக்குரிய வாசல்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு நேராகக் கண்டாக்கையாவிடம் போனேன். கெட்ட மனிதர் அல்ல அவர். அவரால் ஆனது கொஞ்சம், அந்தக் கொஞ்சத்தைச் செய்வார்.

"பரிசுன்னு பேப்பர்ல வந்துச்சுன்னா தொரைகிட்ட காட்டிப் பேசலாம். நம்ம தோட்டத்துப் பேரு வர்றது அவருக்குப் புடிக்கும். அதுவரைக்கும் ஒங்க வாசல மட்டும் கடைசிக்கு வச்சிக்கிறேன். வராட்டி என்னையக் கொற சொல்லக் கூடாது, பாப்பா."

அம்மாவிடம் சொன்னபோது, "பேப்பர்காரன் வந்து தண்ணி ஊத்துவானா?" என்று கேட்டுவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள். ஆனால் மறுநாள் எனாமல் தொட்டியின் துருவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மேல் லயத்துக் கல்யாணத்துக்கு வந்த படக்காரரைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். பனிமூட்டம் விலகக் காத்திருந்து, கொடியில் கிடந்த துணிகளையெல்லாம் சுருட்டி உள்ளே போட்டு, ஓடிவந்து நின்ற பிள்ளைகளை விரட்டி, ஒருவழியாக ஒரே ஒரு படம் எடுத்தார். அதை அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஆறு படங்களும் வெளிவந்தன. கொழும்பு மாடிவீடு ஒன்றின் முகப்பு, கண்டியில் ஒரு புல்தரை, இப்படி ஐந்து. நான்காம் எண் எங்கள் வாசல். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"டேலியா செவப்புன்னு தெரியலையேடி" என்றாள்.

வாக்கு வாசகர்களுக்கு என்று போட்டிருந்தது. எங்கள் இரண்டு லயத்திலும் பத்திரிகை வாசிப்பவள் நான் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை பீலியடியில் உட்கார்ந்து நான் வாசிக்க, தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாரும் கேட்பார்கள். கேட்பவரும் வாசகர்தான் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்கவே மாட்டேன். வோட்டுப் போட வாருங்கள் என்று சும்மா விளையாட்டாகத்தான் சொல்லி அனுப்பினேன். வந்தவர்கள் குளித்து, தலை வாரி, வெளுத்த துணி உடுத்தி வந்தார்கள். பெண்கள் பொட்டு வைத்திருந்தார்கள். மாதா கோயில் பூசை முடிந்து சிலர் நேரே வந்தார்கள். எங்கள் இஸ்தோப்பிலிருந்து பீலிவரை வரிசை நின்றது. மேல் லயத்துப் பெரியப்பா கோட்டுப் போட்டு வந்திருந்தார். உறவுமுறையில் பெரியப்பா இல்லை. அப்பாவோடு கவ்வாத்து வெட்டியவர், அதனால் அப்படிக் கூப்பிடுவேன்.

"என்ன பெரியப்பா, கோட்டெல்லாம்?"

"சொதந்திரத்துக்கு முந்தி ஒருக்கா வோட்டுப் போட்டோமில்ல பாப்பா, அன்னைக்கும் இதே கோட்டுதான். அதுக்கப்புறம் நீ இந்த நாட்டு ஆளே இல்லைன்னுட்டாங்க. கோட்டு சும்மாதான் கெடந்துச்சு."

அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். அவருக்கு அப்போது கொஞ்சம் வயதுதானே என்று நானும் ஏதோ கேலி சொன்னேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "இதையும் பொறகு இல்லைன்னு சொல்லிற மாட்டாங்களே?" என்று கேட்டார்.

"ஐயோ பெரியப்பா, இது பேப்பர். கவருமெண்ட் இல்ல" என்றேன். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்!

நூற்றுப் பதினாறு தாள்கள். ஒவ்வொன்றிலும் நான்காம் எண், பெயர், தோட்டத்தின் முகவரி. எல்லாருக்கும் அதே முகவரிதான். தோட்டத்தில் ஆளுக்கொரு முகவரிக்கு எங்கே போவது? இளவட்டங்கள் ஏழெட்டுப் பேருக்குத் தங்கள் பெயரை எழுதத் தெரியும். "குடு, நானே எழுதுறேன்" என்று ஒருவன் கை நீட்டினான். அவனுடைய கோழிக் கிறுக்கலைப் பார்த்தால் பத்திரிகைக்காரர்கள் நம்மை என்ன நினைப்பார்கள் என்று நான் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் நானே எழுதினேன், ஒரே பேனாவில், ஒரே சீராக, வாத்தியார் பார்த்தால் மெச்சும்படி. ஆபீசிலிருந்து இரவல் வாங்கிய மைப் பெட்டியில் பெருவிரலைத் தொட்டு ஒவ்வொருவராக ரேகை வைத்தார்கள். கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தேய்ந்து, சாயம் ஏறிக் கறுத்து வெடித்த விரல்கள். கோடு ஒன்றும் விழவில்லை. நூற்றுச் சொச்சம் நீலப் பொட்டுகள்தான் விழுந்தன. எனக்கு அதுவும் அழகாகத்தான் தெரிந்தது. அடுக்கி, நூலால் கட்டி, ஒரே உறையில் போட்டுத் தபால்காரரிடம் கொடுத்தேன்.

அதன்பிறகு அம்மா மாறிப்போனாள். வாய் திறந்து கேட்க மாட்டாள்; ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் வாத்தியார் வீட்டுக்குப் புறப்படும்வரை இஸ்தோப்பிலேயே எதையாவது செய்துகொண்டிருப்பாள். ரோஜாவுக்குப் புதிதாக ஒரு டின் தேடிவைத்தாள். வழித்தெறியப் போகிற வாசலுக்கு யாராவது புது டின் வைப்பார்களா? அவள் நம்பிவிட்டாள். நம்ப வைத்தவள் நான்.

முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை, வழியில் பிரித்துப் பார்க்காமல் பத்திரிகையைப் பீலியடிக்கே கொண்டுபோனேன். எல்லாரும் இருக்கும்போது வாசிக்க வேண்டும் என்ற ஆசை. பரிசு கொழும்பு மாடிவீட்டுக்கு. அதை வாசித்தேன். அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. தொடங்கிவிட்டதால் நிறுத்தத் தெரியாமல் அதையும் வாசித்தேன். நான்காம் எண்ணுக்கு ஒரே உறையில், ஒரே முகவரியிலிருந்து, ஒரே கையெழுத்திலும் ஒரே விரல் ரேகையிலும் வந்த வாக்குகள் மோசடியானவை என்று கருதித் தள்ளுபடி செய்யப்பட்டன. வாசகர்கள் இனி நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும்.

பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தியின் குடம் நிறைந்து வழிந்தும் எடுக்கவில்லை.

"அப்பிடின்னா?" என்றாள் பக்கத்துக் காம்பராக்காரி.

"ஒரே ஆளு வச்ச ரேகையாம்."

அவள் தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த ஏழெட்டுப் பேரை எழுத விட்டிருந்தால், நாலைந்து உறைகளில் போட்டிருந்தால் என்று அன்று தொடங்கிய கணக்கை நான் இன்றுவரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பெரியப்பா மட்டும் எழுந்து மேல் லயத்துக்குப் போனார். அவர் கேட்ட கேள்வி எனக்கு நினைவிருந்தது, அவருக்கும் இருந்திருக்கும்.

மறுநாள் பெரட்டில் எங்கள் லயத்து வாசலை வழிக்க நாலு ஆளுக்குப் பெயர் போட்டார்கள். அதில் ஒருவர் பெரியப்பா. அம்மா கண்டாக்கையாவிடம் போய், "அந்த வேலைக்கு என்னையப் போடுங்கய்யா. நானே புடுங்கிர்றேன்" என்றாள்.

"கொழுந்து மண்டிக் கெடக்கு. பொம்பளையாள அதுக்கு எப்பிடிப் போடுறது?" என்றார் அவர், அவள் முகத்தைப் பாராமல்.

அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். பிள்ளைமடுவத்திலிருந்து பார்த்தால் எங்கள் லயம் தெரியும். இடுப்பில் யாருடைய குழந்தையோ அழ, நான் பார்த்துக்கொண்டு நின்றேன். டின்களை முதலில் எடுத்தார்கள். பிறகு மண்வெட்டி விழுந்தது. எங்களுக்காக ரேகை வைத்த கைகள்தான் நாலும். வேலையை மறுத்தால் கூலிப் புத்தகத்தில் பெயரை வெட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. பெரியப்பா டேலியாவை மட்டும் மண்வெட்டியால் தொடாமல், குந்தி உட்கார்ந்து கையால் கிளறிக் கிழங்கோடு எடுத்தார். மிளகாய்ச் செடியை யாரோ கானில் எறிந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. எட்டு வருடத்து வாசல்.

அம்மா மாலையில் வந்து பார்த்தபோது செம்மண் மட்டமாகக் கிடந்தது. இஸ்தோப்பில் சாக்குக்கு அடியில் கிழங்குகள் இருந்தன. சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்படியே மூடினாள். நடத்தான் இடம் இல்லை.

வெளிச்சம் இருக்கும்போதே பெரியப்பா வந்தார். கையில் மண் காயாமல் இருந்தது.

"பாப்பா, அந்தப் பேப்பர்காரங்களுக்கு ஒரு கடுதாசி எழுது. நாங்க ஒரு ஆளு இல்ல, நூத்திப் பதினாறு பேருன்னு எழுது. ரேகை தெரியலைன்னா, அவங்களே வந்து ஆள நிக்க வச்சு எண்ணிக்கிறட்டும். கோட்டுப் போட்டு நிக்கிறேன். பரிசு வேணாம். கள்ளம் பண்ணலைன்னு போட்டாப் போதும்."

நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எழுதுடி. செவப்பு டேலியான்னும் எழுது. படத்துல தெரியல" என்றாள்.

தாளை எடுத்து, பேனாவைத் திறந்து, முதல் வரியை எழுதினேன். எழுதியதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அதே கையெழுத்து. அதே சீர். அந்த நூற்றுப் பதினாறு தாளையும் எழுதிய அதே ஆள் எழுதியது என்று அங்கே முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். எழுதத் தெரிந்த அந்தப் பையன்களைத் தேடினேன். வேலை விட்டதும் மேட்ச் பார்க்க வட்டகொடைக்குப் போயிருந்தார்கள், திரும்ப இரவாகிவிடும். பெரியப்பா மைப் பெட்டிக்குக் காத்து நின்றார். விடிந்தால் தபால் போய்விடும்.

அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, இன்னொன்றை எடுத்து, பேனாவை இடது கைக்கு மாற்றினேன். எழுத்து கோணலாக, யாரோ எழுதியதுபோல வந்தது. நாங்கள் கள்ளம் செய்யவில்லை என்று சொல்ல, வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றுதான் நான் கள்ளக் கையெழுத்து எழுதினேன்.