எல்லை தாண்டிப் போன தண்ணீர்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவின் நட்டநடுவில் எல்லை ஓடியது. எங்கள் வரிசை நகராட்சி, எதிர்வரிசை ஊராட்சி. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சிமென்ட் ரோடு போட்டபோது, பாதித் தெருவோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். மறுபாதி செம்மண். "நாங்க முனிசிபாலிட்டிப்பா" என்று அப்பா பால்காரரிடம்கூடச் சொல்லிக்கொள்வார், ஏதோ பட்டம் வாங்கியது மாதிரி.

அதோடு விட்டாரா? வீட்டைச் சுற்றி மிச்சமிருந்த மண்ணிலும் சொந்தச் செலவில் சிமென்ட் பூசி மெழுகினார், தெருவைப் பார்த்துச் சரிவாக. மழை பெய்தால் எங்கள் தண்ணீர் மொத்தமும் எதிர்வீட்டு வாசலில் குளமாக நிற்கும். அங்கே குடியிருந்த பாய், சோபா தைப்பவர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கேட்டார்.

"சார், உங்க தண்ணியெல்லாம் எங்க வூட்டாண்ட வந்து நிக்குது. பாதியாவது உங்க பக்கம் வச்சிக்கக் கூடாதா?"

"எல்லைக்கு அந்தப் பக்கம் நான் என்ன பண்ண முடியும் பாய்? உங்க பஞ்சாயத்துல சொல்லுங்க."

அடுத்த வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம். வீடு கொள்ளாமல் சொந்தக்காரர்கள். முதல்நாள் காலையில் எங்கள் கிணற்றில் வாளி தரை தட்டியது. சொல்லிவைத்த தண்ணி லாரி படப்பை பக்கம் பழுதாகி நின்றுவிட்டது. மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள், பருப்பு வேகவைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. அக்கா அழுதே விட்டாள். அப்பா காலிக் குடத்தோடு வாசலில் நின்றார். எதிர்வீட்டில் போய்க் கேட்க மனசு வரவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

பாய் பார்த்துவிட்டார். மோட்டாரைப் போட்டு, ஹோஸைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்து வந்து எங்கள் அண்டாவில் விட்டார். தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது.

அப்பா குடத்தைக் கீழே வைத்தார். "உங்களுக்கு வேணுமே பாய்..."

"கெணறு ரொம்பி கீது சார். எல்லாம் ஐப்பசில நீங்க அனுப்புனதுதான்."

சமையல்காரர் முதல் சித்தி வரை எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா மட்டும், தான் பூசிய தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பந்தியில் பாய்க்கும் அவர் மனைவிக்கும் மகளுக்கும் அப்பாவே பரிமாறினார். மறுவாரம் கடப்பாரையை எடுத்துச் சிமென்ட்டைப் பெயர்த்தார். மழைத்தண்ணீர் மண்ணில் இறங்கக் கிணற்றோரம் குழி வெட்டி ஜல்லி கொட்டினார். சத்தம் கேட்டுப் பாய் ஓடிவந்தார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"பாதியை இங்கயே வச்சுக்கறேன் பாய். உங்க பொண்ணு கல்யாணத்துக்கு எங்க கெணத்துலயும் தண்ணி இருக்கணும் இல்ல?"