கமராவுக்குள் ஒரு பெயர்

இதைப் படித்துவிட்டு யாரும் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து அந்த வீட்டைத் தேடக் கூடாது. அதனால் வீடு இருக்கும் ஒழுங்கையின் பெயரை மட்டும் சொல்லவில்லை. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், கடைசிவரை படித்துவிடுங்கள்.

பஸ்லினாவுக்குக் கமரா வாங்கும் எண்ணமே இருக்கவில்லை. தங்கை நப்லாவின் கல்யாணம்தான் அவளைக் கடைக்கு இழுத்தது. பெண்கள் பக்கத்தில் யாரும் ஃபோனில் படம் எடுக்கக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். கல்யாண வீட்டுப் பெண்களின் படம் வட்ஸ்அப்பில் ஏறி, அடுத்த நாள் முன்பின் தெரியாத ஒருவனின் ஃபேஸ்புக்கில் கிடந்த கதை அந்தப் பக்கத்தில் உண்டு. வீட்டுப் பெண் ஒருத்தி, வெறும் கமராவில் எடுத்தால் பரவாயில்லையாம். அந்த ஒருத்தியாகப் பஸ்லினாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

மகாவலி ஆற்றுப் பாலத்துக்குக் கிட்ட இருக்கும் அஸ்ஃபரின் கடைக்குக் கணவன் மர்சூக்கோடு போனாள். இடுப்பில் மூன்று வயது மகள் ஷஹ்மா. அஸ்ஃபர் முதலில் புதுக் கமரா ஒன்றைக் காட்டினான். விலையைக் கேட்டதும் மர்சூக் சிரித்துவிட்டான்.

"இந்தக் காசுக்கு நான் இன்னொரு கல்யாணமே முடிப்பேனே."

"முடிங்க. படம் எடுக்க நானே வாறேன்," என்றாள் பஸ்லினா.

அஸ்ஃபர் கண்ணாடி அலுமாரிக்குள்ளிருந்து இன்னொன்றை எடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளி நிறக் கமரா. அக்காவை அங்கே தாத்தா என்பார்கள்; அப்படித்தான் பஸ்லினாவை அழைத்தான். "இது ரீபர்பிஷ்ட், தாத்தா. கழட்டித் துடைச்சு, பெட்டரி புதுசு போட்டு ஈக்கி. மூணு மாசம் வொரண்டி. வைஃபை இல்ல. நீங்க கேட்டதும் அதுதானே?"

"யாரு வித்தது?"

"டவுன்ல ஒரு குடும்பம். புள்ளட படம் எடுக்க வாங்கினாங்களாம். இப்ப வேணாமாம்."

கண்டியின் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். மர்சூக் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பூஞ்சணம் இல்லை. கீறல் இல்லை. ஃப்ளாஷ் அடித்தது. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துத்தான் வாங்கினான், பாவம்.

"முகத்தைக் கண்டா கட்டம் போடும்," என்றான் அஸ்ஃபர். "பேரையும் பதிஞ்சு வெச்சா, அந்த ஆள்ட கட்டத்துக்குக் கீழ பேர் வரும்."

வீட்டுக்கு வந்ததும் நப்லா கமராவைப் பறித்துக்கொண்டாள். பஸ்லினா, மர்சூக், மடியில் ஷஹ்மா. மூவரையும் சோஃபாவில் இருத்தித் திரையைப் பார்த்தாள்.

"ஆ... இதென்ன? நாலு கட்டம் வருது."

பஸ்லினா எழுந்து போய்ப் பார்த்தாள். நாலாவது கட்டம், மூலையில் யாரும் உட்காராமல் கிடந்த வெறும் கதிரையின் மேல் நின்றது. அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு பெயர். மியோ.

"மியோவா? பூனைக்கு வெச்ச பேர் மாதிரி ஈக்கி!" நப்லா விழுந்து விழுந்து சிரித்தாள். "பழைய ஆக்கள்ட புள்ளயா ஈக்கும். கதிரைத் துணில ஈக்கிற பூவ முகம் எண்டு நெனச்சிட்டு போல."

மியோவை அழித்தாள். ஷஹ்மாவின் முகத்தைப் படம் பிடித்து, அவளுடைய பெயரைப் பதிந்தாள். சரியாக வேலை செய்தது. ஷஹ்மாவின் மேல் கட்டம், கீழே ஷஹ்மா. எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளை தானும் கைதட்டியது.

கல்யாண நாள். மண்டபத்தில் பெண்கள் பக்கம் மல்லிகையும் அத்தரும் மணத்தன. மணப்பெண்ணின் அருகே ஷஹ்மாவை நிறுத்தி, பஸ்லினா கமராவைத் தூக்கினாள்.

நப்லாவின் மேல் ஒரு கட்டம். ஷஹ்மாவின் மேல் ஒரு கட்டம். அவர்களுக்குப் பின்னால், வெள்ளைத் திரைச்சீலையில், இடுப்பளவு உயரத்தில் இன்னொன்று.

மியோ.

அழித்த பெயர்.

திரைச்சீலையில் பூ எதுவும் இருக்கவில்லை. பஸ்லினா படத்தை எடுத்தாள். எடுத்த படத்தில் திரைச்சீலை மட்டும்தான் இருந்தது. கல்யாண வீட்டில் யாரிடம் இதைச் சொல்வது? அடுத்த படத்துக்கு ஆட்களை நிறுத்தினாள்.

அதற்குப் பிறகு வீட்டில், பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு நாளும் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஷஹ்மா விளையாடும்போது கமராவைப் பிடிப்பாள். ஒரு நாள் கட்டம் கதவோரம் நின்றது. மறுநாள் மேசைக்குப் பக்கத்தில். பிறகு ஷஹ்மாவின் தோளுக்குப் பின்னால்... அவ்வளவு கிட்ட. ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரை அழித்தாள். ஒவ்வொரு முறையும் அது திரும்பி வந்தது.

"கமரா பழுது," என்றான் மர்சூக். "கொண்டு போய்க் குடுப்போம்."

"பழுது எண்டா கிட்டக் கிட்ட வருமா?"



புத்த பௌர்ணமியான வெசாக் போயா அன்று மர்சூக்குக்கு லீவு. பாதையில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, அவனே கமராவை எடுத்தான். ஷஹ்மா தரையில் உட்கார்ந்து கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு கட்டம்தான் வந்தது. அவளுடைய முகத்தின் மேல்.

மியோ.

கமராவில் பதிந்த பெயர்களில் தேடினான். ஷஹ்மா என்ற பெயரே இல்லை.

"ஷஹ்மா," என்று கூப்பிட்டான்.

பிள்ளை திரும்பவில்லை.

"ஷஹ்மா! மகள்!"

திரும்பவில்லை. கோப்பையை எடுத்து மற்றதன் மேல் வைத்தாள். வலக்கைப் பிள்ளை, இடது கையால்.

காது கேட்கவில்லையோ என்று கண்டிக்குக் கொண்டு ஓடினார்கள். காது நன்றாக இருக்கிறது என்றார் டொக்டர். பள்ளிவாசல் ஹஸ்ரத் வந்து ஓதினார். அவர் ஓதி முடிக்கும்வரை பிள்ளை ஆடாமல் அசையாமல் இருந்தாள். சிரித்த முகம். படம் எடுக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. ஹஸ்ரத் போன பிறகும் அது மாறவில்லை.

மழையைக் கண்டால் முற்றத்துக்குப் பாயும் பிள்ளை, இப்போது யன்னலோரம் நின்று பார்த்தாள். கொஞ்சினால் கொஞ்ச விட்டாள். ஊட்டினால் சாப்பிட்டாள். உம்மா என்று மட்டும் கூப்பிடவில்லை.

ஒரு நாள் பார்க்க வந்த நப்லா பயந்து பயந்து, சும்மா பார்ப்பதற்காக, மற்றப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள்.

பிள்ளை சட்டென்று திரும்பினாள்.

பஸ்லினா தங்கையின் வாயைப் பொத்தினாள். "இனி அந்தப் பேரு இந்த ஊட்டுக்குள்ள வரப்படாது. எண்ட புள்ளட பேரு ஷஹ்மா. நான் பெத்தது. நான் வெச்ச பேரு."

கமராவை அஸ்ஃபரிடம் திருப்பிக் கொடுத்திருக்கலாம். பணமும் திரும்பக் கிடைத்திருக்கும். மர்சூக் மாட்டேன் என்றான்.

"அவன் இன்னொரு ஊட்டுக்கு விப்பான். அங்கயும் ஒரு புள்ள ஈக்கும். அந்தப் பாவம் நமக்கு வேணாம் பஸ்லினா."

அவர்கள் வீட்டில் பழைய தாயத்தையும் கிழிந்த ஓதல் தாளையும் குப்பையில் போடுவதில்லை. ஓடும் தண்ணீரில் விடுவார்கள். ஓடும் தண்ணீர் எதையும் கொண்டு போய்விடும், திருப்பித் தராது என்பது அவன் வாப்பா காலத்து நம்பிக்கை. மேலே மலைகளில் நல்ல மழை. மகாவலி மண்ணிறமாகப் பொங்கி வந்துகொண்டிருந்தது. ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நடுவில் நின்று, கமராவைக் கீழே விட்டான். பஸ் சத்தத்தில், அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓடி வந்தான்.

"ஷஹ்மா..."

திரும்பவில்லை.

ஒரு கிழமை பொறுத்தார்கள். இரண்டு கிழமை. மாற்றமில்லை. கடைசியில் பஸ்லினா அஸ்ஃபரிடம் போய், கமராவை விற்ற ஆளின் நம்பரைக் கெஞ்சி வாங்கினாள். மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு அந்த நம்பருக்கு ஃபோன் எடுத்தாள். வதனா என்று ஒரு பெண் பேசினாள். யாழ்ப்பாணத்துப் பேச்சு. கண்டியில் அரசாங்க வேலையாம்.

"ஓம், நாங்கள்தான் வித்தனாங்கள்," என்றாள். பிறகு குரல் இறங்கியது. "பேரைக் கூப்பிட்டாப் பிள்ளை திரும்புறேல்லையோ?"

பஸ்லினா குரலைத் தாழ்த்தினாள். "கமராக்குள்ள ஈக்கிற அந்தப் பேரு... ஒங்கட மகள்டயா?"

"இல்லைத் தங்கச்சி. என்ர மகள் சாம்பவி. நாங்களும் அதை ஆரோ பாவிச்ச பழசாத்தான் வாங்கினனாங்கள். அந்தப் பேர் முதலே அதுக்குள்ள கிடந்தது. ஆரின்ர பிள்ளை எண்டு எங்களுக்கும் தெரியாது."

"ஒங்கட மகள் இப்ப...?"

"கன மாசம் அவள் எங்களிட்ட இல்லை. வீட்டுக்குள்ளதான் இருந்தவள். ஆனா இல்லை. கமராவைக் கண்ணில காணப் பயந்துதான் வித்தது. வேறொண்டும் தெரியாமத்தான் வித்தனாங்கள், கடவுளறிய." வதனா அழத் தொடங்கினாள். "பிறகு வெசாக் போயா அண்டைக்கு... பின்னேரம்... சாம்பவி எண்டு கூப்பிட்டன். என்னம்மா எண்டு ஓடி வந்தாள்."

வெசாக் போயா. பின்னேரம்.

மர்சூக் கமராவைத் தூக்கிய அதே நேரம்.

"ஒரு பிள்ளை திரும்பி வந்தா, எங்கையோ இன்னொரு பிள்ளை போயிருக்கும் எண்டு அண்டைக்கே யோசிச்சனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா பயப்படாதேங்கோ, உங்கட பிள்ளையும் வருவாள். அந்தக் கமரா இன்னொரு பிள்ளைக்கு முன்னால போய் நிக்கவேணும். எங்களுக்கு அப்பிடித்தான் நடந்தது. பாவம்தான்... வேற வழி தெரியேல்லை."

பஸ்லினா யன்னல் பக்கம் திரும்பினாள்.

"தங்கச்சி? கமரா உங்களிட்டத்தானே கிடக்கு?"

யன்னலுக்கு வெளியே மழை. தூரத்தில் ஆற்றின் இரைச்சல்.

"தங்கச்சி...?"

ஃபோனை வைத்துவிட்டாள்.

பக்கத்தில் பிள்ளை இல்லை. அறையின் மூலையில் நின்றாள். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அதே சிரிப்போடு.

"ஷஹ்மா," என்றாள் பஸ்லினா.

மழை.

"ஷஹ்மா. வாங்க மகள். உம்மாட்ட வாங்க."

அசையவில்லை.

பஸ்லினா நிலத்தில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று அவளே தடுத்த பெயரை, அவளே சொன்னாள்.

"மியோ..."

பிள்ளை திரும்பினாள். ஓடி வந்து, கழுத்தைக் கட்டிப் பிடித்து, பஸ்லினாவுக்குத் தெரியாத ஒரு பாஷையில் ஏதோ ஒரு சொல் சொன்னாள்.

அதற்கு அர்த்தம் என்னவென்று, பஸ்லினா இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.